கேள்வி-பதில்: காதலர் தினப் பரிசும் பில்லும்

கேள்வி: பிப்ரவரி 14 காலையில் வந்துவிடும் என்று சொன்னதால் ரோஜாக் கொத்துக்கு முன்பணம் கட்டினேன். 16ஆம் தேதி, வாடிப்போய் வந்தது. ஆர்டர் நெரிசலாம். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விடாதீர்கள். தேதியைச் சொல்லித்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள், நெரிசல் வருஷா வருஷம் வருவதும் அவர்களுக்குத் தெரியும். தேதி தெரிகிற ஆர்டர் பக்கத்தையும் வாடிய பூவையும் படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். கூப்பன் தருகிறோம் என்பார்கள், வாங்காதீர்கள். மறுத்தால், கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது, கேட்கலாம்.

கேள்வி: பரிசுப் பெட்டி விளம்பரத்தில் '2000 ஆண்டுக் காதல் மரபு' என்று போட்டிருக்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. எனக்கு ரொம்ப நாளாகவே ஆத்திரம் மூட்டுகிற புளுகு இது. காதலர் தினத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் தந்த வாலன்டைன் என்று சொல்லப்படுபவர் 3ஆம் நூற்றாண்டில் ரோமில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர். அவர் பெயரிலான திருநாளில் பறவைகள் ஜோடி தேடுவதாக ஆங்கிலக் கவிஞர் சாசர் பாடியது 14ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1477இல் மார்ஜரி புரூஸ் என்ற இங்கிலாந்துப் பெண், தான் மணக்க இருந்தவரை 'வாலன்டைன்' என்று அழைத்து எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அப்பா வரதட்சணையைக் கூட்ட மாட்டேன் என்கிறார், என்மேல் அன்பிருந்தால் இதற்காக என்னை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். பெட்டியும் கிடையாது, ரிப்பனும் கிடையாது. 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குத் தபால் வந்த பிறகுதான் வாழ்த்து அட்டை வியாபாரம் பெருகியது, இதய வடிவச் சாக்லேட் பெட்டியை 1860களில் ரிச்சர்ட் கேட்பரி கொண்டுவந்தார். ஜப்பானில் பிப்ரவரியில் பெண்கள் சாக்லேட் கொடுப்பது போதாதென்று, ஆண்கள் திருப்பிக் கொடுக்க மார்ச் 14ஐ 'ஒயிட் டே' ஆக்கியதும் மிட்டாய்க்காரர்கள்தான். விற்கட்டும், அது அவர்கள் தொழில். ஆனால் மரபு என்று சொல்லி விலையை ஏற்றுவது ஏமாற்று.

கேள்வி: இதயப் பெட்டியில் இருப்பது வேறு சாக்லேட்டா?

பதில்: பெரும்பாலும் அதேதான். எடையைப் பாருங்கள். நான் வாங்கிய ஒரு பெட்டி கைப்பிடி உயரம் இருந்தது. திறந்தால் மேலே ஒரே வரிசை, ஒவ்வொன்றும் ஒரு குழிக்குள், அடியில் வெறும் அட்டை மடிப்பு. கிராம் கணக்கு பின்பக்க மூலையில் பொடி எழுத்தில் இருந்தது.

கேள்வி: வைர மோதிரம் வாங்கினேன். சான்றிதழ் அப்புறம் தருவதாகச் சொன்னார்கள். பில்லும் இல்லை. என்ன செய்வது?

பதில்: பில் இல்லாமல் வைரம் வாங்கிவிட்டு என்னிடம் கேட்டால்?

கேள்வி: இணையத்தில் பழகியவர் காதலர் தினப் பரிசு அனுப்பினாராம். சுங்கத்தில் நிற்கிறது என்று ஒருமுறை பணம் கட்டினேன். இப்போது மறுபடி கேட்கிறார்கள். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட வேண்டியது அவர்கள், நீங்கள் இல்லை. பார்சல் என்று ஒன்றே இருக்காது. இனி ஒரு காசும் அனுப்பாதீர்கள். உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு இன்றைக்கே வங்கிக்கும் போலீஸுக்கும் சொல்லுங்கள். கொஞ்ச நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் அதுவும் மோசடிதான், போனை வைத்துவிடுங்கள்.