ஹேக்கிங் சான்றிதழுக்காகச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, ஒரு வருடமாகப் பெருங்குடியில் டெக்னிக்கல் சப்போர்ட் வேலையில் இருக்கிறான். எத்திக்கல் ஹேக்கிங், அதாவது அனுமதியோடு கணினிகளுக்குள் நுழைந்து ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது, அதைப் படிக்க வேண்டும் என்கிறான். வேளச்சேரியில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் ஐந்து சான்றிதழ், நூறு சதவீத வேலை உத்தரவாதம், மொத்தம் 1,45,000 ரூபாய் என்கிறார்கள். சீட் பிடித்து வைக்க 5,000 கட்டிவிட்டோம். மீதிக்கு ஈஎம்ஐ போட்டுத் தருகிறார்களாம். அதற்குப் பயந்து என் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று பார்க்கிறேன். இந்தச் சான்றிதழ்கள் இருந்தால் வேலை கிடைத்துவிடுமா? - ஒரு தாய், பெரம்பூர்.

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் அம்மா. சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது வேண்டாம், இவர்களிடம் வேண்டாம்.

ஐந்து சான்றிதழ் என்கிறார்களே, அந்தக் கணக்கை முதலில் பார்ப்போம். கொஞ்ச நாள் முன்பு எங்கள் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு ஒரு பையன் கனமான ஃபைலோடு வந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் ஏழு சான்றிதழ்கள், தங்க நிற முத்திரையோடு. ஏழிலும் ஒரே கையெழுத்து, ஏழும் ஒரே வாரத்துத் தேதி. "இதில் நீ பரீட்சை எழுதி வாங்கியது எது தம்பி?" என்று கேட்டேன். "கோர்ஸ் முடிச்சதுக்குக் குடுத்தாங்க சார்" என்றான். 90,000 ரூபாய் கட்டியிருந்தான். ஏழுமே அந்த இன்ஸ்டிட்யூட் தன் பிரிண்டரில் அடித்துக் கொடுத்தவை.

ஆகவே கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஐந்தில் பரீட்சையை நீங்கள் இல்லாமல் வேறொரு அமைப்பு நடத்துவது எத்தனை? அதற்கான கட்டணம் இந்தத் தொகைக்குள் இருக்கிறதா?" அதை எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான சான்றிதழில் ஓர் எண் இருக்கும். பரீட்சை நடத்திய அமைப்பின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் உங்கள் மகன் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அது வெறும் காகிதம்.

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் சான்றிதழ்கள் இரண்டு. ஒன்று சிஇஎச். ஈசி கவுன்சில் என்ற அமெரிக்க அமைப்பு 2003-ல் கொண்டுவந்தது. நான்கு மணி நேரம், 125 கேள்விகள், கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீஸில் எல்எல்ஆருக்குக் கம்ப்யூட்டரில் பதில் தட்டுவோமே, ஏறக்குறைய அந்த மாதிரி. சிக்னல் விதி தெரியும் என்று காட்டும், வண்டி ஓட்ட வருமா என்று காட்டாது. இன்னொன்று ஓஎஸ்சிபி. ஆஃப்செக் என்ற நிறுவனம் நடத்துகிறது. 23 மணி 45 நிமிடம் கேமரா பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் கொடுத்த கணினிகளுக்குள் நிஜமாகவே நுழைந்து காட்ட வேண்டும். அப்புறம் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயம்பேட்டிலிருந்து பாரிமுனை வரை ஓட்டிக் காட்டு என்பதைப் போன்றது அது. கட்டணம் பாடத்தோடு சேர்த்து 1,500 டாலருக்கு மேல் போகும். உங்கள் மகன் இன்றைக்கு அதைத் தொட வேண்டாம்.

அப்படியென்றால் எல்லா வேலை விளம்பரத்திலும் ஏன் சிஇஎச் கேட்கிறார்கள்? அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு காலத்தில் தன் ஆட்களுக்கு ஏற்ற சான்றிதழ்கள் என்று வைத்திருந்த பட்டியலில் அது இடம்பெற்றது. பெயர் பரவ அது ஒரு பெரிய காரணம். நம் ஊர் எச்ஆர் ஆட்களுக்கு ஆயிரம் விண்ணப்பத்தில் தொள்ளாயிரத்தைத் தள்ள ஏதாவது ஒரு சல்லடை வேண்டும், சிஇஎச் என்ற மூன்றெழுத்து கையில் கிடைத்தது. "ஃபிரெஷர் தேவை, ஓஎஸ்சிபி கட்டாயம், மூன்று வருட அனுபவம் விரும்பத்தக்கது" என்று விளம்பரம் எழுதுகிறவர்களோடு நான் பல வருடமாகச் சண்டை போடுகிறேன். மூன்று வருட அனுபவம் உள்ளவன் எப்படி ஐயா ஃபிரெஷர் ஆவான்? பழைய விளம்பரத்தை காப்பி அடித்துத்தான் அடுத்ததையும் எழுதுகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் அதைப் படித்துவிட்டு அடகுக்கடைக்குப் போகிறீர்கள்.

சிஇஎச்சில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அதன் பரீட்சையை எழுத ஒன்று ஈசி கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகவல் பாதுகாப்பு வேலையில் இரண்டு வருட அனுபவம் காட்டி 100 டாலர் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த 100 டாலர் திரும்ப வராது. உங்கள் மகனுக்கு அந்த அனுபவம் இல்லை. வேளச்சேரிக்காரர்கள் அங்கீகாரம் பெற்றவர்களாக இல்லாவிட்டால், ஆறு மாதம் வகுப்புக்குப் போன பிறகும் அவனால் நேராகப் போய்ப் பரீட்சை எழுத முடியாது. இதைப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

சான்றிதழுக்கு நிஜமாகவே எடை உள்ள இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்ஸ்டிட்யூட்காரர்கள் இதைத்தான் திரித்துச் சொல்வார்கள். வங்கிகளும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினிகளைத் தணிக்கை செய்ய வேண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு, 2004 முதல் இயங்குவது, இந்தத் தணிக்கைக்கு ஏற்ற கம்பெனிகளின் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கம்பெனியைப் பற்றியும் அதில் எந்தச் சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற விவரம் இருக்கும். டெண்டரிலும் தலையை எண்ணுவார்கள். ஆகவே அந்தக் கம்பெனிகளுக்குச் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும், வேலை தெரியுமா என்பது அடுத்த கேள்விதான். இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு, ஆனால் நடப்பு அதுதான். சரி, அந்தக் கணக்கில் முதலில் எண்ணப்படுவது எது? சிஐஎஸ்எஸ்பி, சிஐஎஸ்ஏ போன்ற, அனுபவசாலிகளுக்கான பாதுகாப்பு, தணிக்கைச் சான்றிதழ்கள். அவற்றை முழுமையாகப் பெறப் பொதுவாக ஐந்து வருட அனுபவம் வேண்டும். உங்கள் மகன் அந்த நிலைக்கு வரும்போது கம்பெனியே பணம் கட்டி எழுதச் சொல்லும். இன்னொன்று: பட்டியலில் இடம் கிடைப்பது தணிக்கை செய்யும் கம்பெனிக்கு. "செர்ட்-இன் எம்பேனல்டு" என்று ஓர் இன்ஸ்டிட்யூட் வாசலில் போர்டு இருந்தால், அது தணிக்கை செய்வதற்கானது. அவர்கள் நடத்தும் பாடத்துக்கு யாரும் முத்திரை குத்தவில்லை.

இனி ஈஎம்ஐ. நீங்கள் பயந்தது சரி. "நோ காஸ்ட் ஈஎம்ஐ" என்பார்கள். நடப்பது என்னவென்றால், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி முழுத் தொகையையும் இன்ஸ்டிட்யூட்டுக்கு அன்றே கொடுத்துவிடும். கடன் உங்கள் மகன் பெயரில், சில சமயம் உங்கள் பெயரில். இரண்டாம் மாதம் பாடம் நடத்துகிறவர் ஓடிப்போனாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் கெடும். கடன் விவரங்களைச் சுருக்கித் தரும் ஒரு தாளை, வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழில் கேட்டுப் பாருங்கள். கவுன்ட்டரில் இருக்கும் பையன் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவருவான்.

நூறு சதவீத வேலை உத்தரவாதமா? வேலை நிச்சயம் என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் நிலையங்களுக்கு நவம்பர் 2024-ல் நெறிமுறையே வெளியிட்டது. போர்டுகள் அப்படியே தொங்குகின்றன, யார் போய்க் கழற்றுவது? அதைவிட மோசம், உத்தரவாதத்தைக் காப்பாற்றச் சில கன்சல்டன்சிகள் இரண்டு வருடப் பொய் அனுபவச் சான்றும் சம்பளச் சீட்டும் தயாரித்துத் தருவது. பிஎஃப் கணக்கைப் பார்த்தாலே பல்லிளித்துவிடும். எந்தத் துறையில் மாட்டினாலும் கேவலம், பாதுகாப்புத் துறையில் மாட்டினால் அதோடு முடிந்தது.

அவன் என்ன செய்யலாம்? டெக்னிக்கல் சப்போர்ட்டை விட வேண்டாம், அங்கே நெட்வொர்க் பிரச்சினையைக் கையால் தொடுகிறான், அது இங்கே காசு. வீட்டு லேப்டாப்பில் எட்டு ஜிபி ரேம் இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிப் போடட்டும். போர்ட்ஸ்விக்கர் என்ற நிறுவனத்தின் இணையப் பயிற்சிக்கூடம் முழுக்க இலவசம். என்பிடிஇஎல் என்ற இணையப் பாடத்தளத்தில் ஐஐடி கரக்பூர் நடத்தும் எத்திக்கல் ஹேக்கிங் பாடமும் இலவசமாகப் பார்க்கலாம். ஆறு மாதம் இதில் உட்காரட்டும். அதன் பிறகு ஓஎம்ஆரில் எஸ்ஓசி, அதாவது கம்பெனிகளின் கணினிகளைக் கண்காணிக்கும் மையம், அந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கட்டும். அலாரம் அடிக்கிறதா என்று இரவு ஷிஃப்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை, ஹீரோ வேலை கிடையாது, ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அங்கே சேர்ந்த பிறகு சிஇஎச் தேவைப்பட்டால் கம்பெனி செலவில் எழுதலாமா என்று கேட்கட்டும். நிறைய இடங்களில் பாஸானால் பணத்தைத் திருப்பித் தருவார்கள்.

பயிற்சி என்ற பெயரில் நிஜமான இணையதளம் எதையும் அவன் தொடக் கூடாது, காலேஜ் தளத்தைக்கூட. அனுமதியில்லாமல் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள் பாயும். மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

அவன் தேறுகிறானா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன கண்டுபிடிச்சே, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். "பயிற்சித் தளத்துல இருந்த ஒரு கடையோட பில் பக்கத்துல கடைசி நம்பர் 1041-னு இருந்தது, அதை 1042-னு மாத்தினேன், வேற யாரோ ஒருத்தர் பில், அவங்க வீட்டு அட்ரஸோட வந்துடுச்சும்மா" என்று அவன் சொல்லி, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் விளங்க வைத்தால், நல்ல ரிப்போர்ட் எழுதுவான். நான் நேர்காணலில் கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

கட்டிய 5,000 ரூபாய் பற்றி. சேரவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான தொகைக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. அதுவரை ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும், அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "நூறு சதவீத" நோட்டீஸையும் அழித்துவிடாதீர்கள்.