பாலாற்றங்கரை மண்ணும் ஐந்து லிட்டர் என்சைம் கேனும்

கேள்வி: ஐயா, ஆம்பூர் பக்கம் பாலாற்றை ஒட்டி எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. மேலே இருந்த தோல் பதனிடும் ஆலை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. இன்னும் காலையில் வரப்பில் வெள்ளையாகப் பூக்கிறது. நிலக்கடலை பாதிகூட முளைக்கவில்லை, தென்னை ஓலை நுனியில் கருகுகிறது. ஒரு கடைக்காரர் 5 லிட்டர் என்சைம் கேன் தருகிறார். அதை ஊற்றி, வெட்டிவேரும் சூரியகாந்தியும் வைத்தால் ஆறு மாதத்தில் குரோமியம், உப்பு எல்லாம் போய்விடும், வெட்டிவேர்த் தழையை மாட்டுக்கும் போடலாம் என்கிறார். ஏக்கருக்கு எத்தனை கேன் ஊற்ற வேண்டும்?

பதில்: ஒரு கேன்கூட வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடுங்கள். என்சைம் என்பது ஒரு புரதம், பெரிய மூலக்கூறுகளை வெட்டுவது அதன் வேலை. சாயம், எண்ணெய்க் கழிவு, சில பூச்சிமருந்துகளின் எச்சம் போன்றவற்றை அதனால் உடைக்க முடியும். வெள்ளைப் பூஞ்சணம் பட்ட மரம் இற்றுப்போவதும் இப்படித்தான். குரோமியமும் சோடியமும் தனிமங்கள். அவற்றில் உடைக்க எதுவும் இல்லை. உங்கள் நிலத்தில் அந்தக் கேன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு இரண்டு நாள் தீனி, அவ்வளவுதான். இதைத் தெரிந்தே விற்பவரிடம் விதையும் வாங்காதீர்கள்.

செடியால் ஒன்றும் ஆகாது என்று சொல்லமாட்டேன். வெட்டிவேர் குரோமியத்தைத் தாங்கி வளரும். ஆனால் எடுத்ததில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும். அதனால் மண் அரிக்காமல் பிடித்து நிறுத்த வரப்போரம் வையுங்கள். வேரை விசிறிக்கோ மண்பானைத் தண்ணீருக்கோ விற்காதீர்கள். சோதிக்காமல் தழையை மாட்டுக்குப் போடாதீர்கள், காய்ந்ததை எரிக்கவும் வேண்டாம். எரிக்கும்போது மண்ணில் சாதுவாகக் கிடக்கும் மூவிணைய குரோமியம், நச்சுத்தன்மை மிகுந்த ஆறிணைய வடிவத்துக்கு மாறிச் சாம்பலோடு பறக்கலாம்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஆலை மூடிப் பத்து வருஷம் ஆன பிறகும் உப்பு ஏன் பூக்கிறது? கடிதத்தில் மண்ணைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், கிணற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சட்டைப்பையில் பேனா போல வைத்துக்கொள்ளும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் (போர்) ஓடிப் பத்து நிமிஷம் கழித்து ஒரு டம்ளரில் பிடித்து முக்கிப் பாருங்கள். 3,000 காட்டுகிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 3 கிராம் உப்பு. ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிற்கப் பாய்ச்சினால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் ஆகும். அதாவது ஒரே பாய்ச்சலில் 300 கிலோ உப்பு, ஆறு மூட்டை, உங்கள் கையாலேயே நிலத்தில் கொட்டுகிறீர்கள். உப்பை உறிஞ்சுவதில் பேர்போன உமரிச் செடியைச் சோதித்துப் பார்த்ததில் நான்கு மாதத்தில் எக்டேருக்கு ஏறக்குறைய 500 கிலோ எடுத்தது. ஏக்கருக்கு 200 கிலோ. அந்த நான்கு மாதச் சம்பாத்தியம் உங்கள் ஒரு பாய்ச்சலுக்குக் காணாது. தண்ணீரைப் பார்க்காமல் மண்ணுக்கு மருந்து கேட்பவர்களிடம் எல்லாம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே நிலத்தடி நீரில் இறங்கிய உப்பு உங்கள் போர் வழியாக இன்றும் மேலே வந்துகொண்டிருக்கலாம்.

அப்புறம் மண். வெள்ளையாகப் பூத்தால் உவர், கறுப்பாகப் பிசுபிசுத்து நீர் இறங்காமல் நின்றால் களர். ஜிப்சம் களருக்குத்தான் கேட்கும். வெறும் உவர் நிலத்தில் கொட்டினால் காசு வீண். வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் குரோமியம் வராது. மொத்த குரோமியம், ஆறிணைய குரோமியம், மாற்றுறு சோடியம் (மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியம்) மூன்றையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அரை அடி, ஒன்றரை அடி என இரண்டு ஆழத்தில், மண்வெட்டி பட்ட பகுதியைச் சுரண்டிவிட்டு மரக்கரண்டியால் எடுங்கள். எங்கே கொடுப்பது என்று விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

ஆறிணைய குரோமியம் இருப்பதாக வந்தால் உப்பைக் கழுவ அவசரப்படாதீர்கள், அது நீரோடு கிணற்றுக்கே இறங்கும். முதலில் மட்கிய தொழு உரத்தைத் தாராளமாகப் போட்டு உழுங்கள். அங்ககப் பொருள் அதை மூவிணையமாக மாற்றி மண்ணோடு பூட்டிவைக்கும். மீண்டும் சோதித்துக் குறைந்த பிறகு வரப்பை உயர்த்தி, வடகிழக்குப் பருவமழையை வயலிலேயே தேக்கி, தாழ்ந்த மூலையில் வடிகால் வெட்டி வடியுங்கள். உப்பைக் கழுவ மழைநீரை விட நல்ல தண்ணீர் உங்கள் ஊரில் கிடைக்காது. மழையோடு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகி நீர் இறங்கும். வடிகால் நீர் பக்கத்து நிலத்தில் பாயாதபடி வெட்டுங்கள், வெட்டுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.

நிலக்கடலையை இரண்டு வருஷம் மறந்துவிடுங்கள், உப்புக்குச் சீக்கிரம் மடங்கும் பயிர் அது. பருத்தி தாங்கும். ஆனால் அந்தக் கொட்டையைச் சோதிக்காமல் மாட்டுக்குப் போடக்கூடாது. தென்னைக்குப் போர்த் தண்ணீரைக் குறைத்து, வட்டப்பாத்தியில் மட்டை மூடாக்குப் போடுங்கள்.

போர்த் தண்ணீரை மே மாதம் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை அளந்து, இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். மழைநீரைச் சேர்த்துவைக்கப் பண்ணைக்குட்டை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.