வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் பார்த்துக்கொள்வார்களா?

கேள்வி: எனக்கு 57 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 20 வருஷத்துக்கு மேலாகத் தையல் மிஷினில் வேலை. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். பி.எஃப். பணம் ஆறு லட்சம் வரை வரும் என்கிறார்கள். குடியாத்தத்தில் அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த சின்ன வீடு இருக்கிறது. முன்பக்க ரூம் காலியாகக் கிடக்கிறது. அண்ணன் மகன், "வீட்டை எம்பேருக்கு எழுதிக் குடுத்துடு அத்தை, கடைசி வரைக்கும் நாங்க பாத்துக்கறோம்" என்கிறான். நல்ல பையன்தான். ஆனாலும் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. போடாவிட்டால், நாளைக்கு விழுந்து கிடந்தால் ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆள் இருக்காதே என்ற பயம். என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரி, இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அண்ணன் மகன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு அவனுக்கே கடன் வரலாம், வீட்டை பேங்கில் அடமானம் வைக்கலாம். உங்களுக்கு முன்னால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு அவன் மனைவி மக்களுக்குப் போகும். வாக்குக் கொடுத்தவன் ஒருவன், வீட்டுக்குச் சொந்தக்காரர் வேறொருவர் என்று ஆகிவிடும். வீட்டை இப்போதே அவன் பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிட்டால், மனசு மாறியது என்று நீங்களாக அதை ரத்து செய்ய முடியாது.

அதற்குப் பதிலாக உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாளே போதும். இரண்டு சாட்சிகள் பார்க்க நீங்கள் கையெழுத்திட வேண்டும், அவர்களும் போட வேண்டும். வீடு யாருக்குப் போகிறதோ அவர் சாட்சியாக இல்லாமல் இருப்பது நல்லது. உங்களைவிட வயதில் சின்னவர்களாகவும் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், பின்னால் வழக்கு வந்தால் கைகொடுக்கும். உயிரோடு இருக்கும்வரை வீடு உங்களுடையதுதான். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உயில் இல்லாமல் விட்டால் இந்து வாரிசுச் சட்டப்படி உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் பங்கு வரும். உங்களைப் பார்த்துக்கொண்டவருக்கும் எட்டிப் பார்க்காதவருக்கும் ஒரே அளவு.

அப்படியும் நெருக்கினால், உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உங்களுக்கே என்றும், உங்களைப் பராமரிப்பது நிபந்தனை என்றும் பத்திரத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் துணை நிற்கும். அதன் 23-வது பிரிவின்படி, பராமரிக்கவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்து எழுதிக் கொடுத்ததைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். குடியாத்தத்திலேயே ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் அங்கே போய்த் திண்டாடுகிறார்கள். நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். முதல் வேலை, பி.எஃப். கணக்கில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் வருவது தடைபடலாம். வேலையில் இருக்கும்போதே கம்பெனி மூலம் திருத்துவது சுலபம். நாமினி பெயர் போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், இன்னும் அம்மா பெயரே இருக்கக்கூடும். பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. அது சில ஆயிரத்தைத் தாண்டாது, அதை மட்டும் நம்ப முடியாது.

ஆறு லட்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். ரிட்டயர் ஆகி வந்த பணம் என்றால் 60 வயது வரை காத்திருக்க வேண்டாம், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய் வரும். பி.எஃப். வந்த வாசனை தெரிந்ததும் வீடு தேடி வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். மாதாமாதம் கொழுத்த வட்டி என்று சொன்ன நிதி நிறுவனங்களிடம் நம் வேலூர், ஆரணி பக்கத்து ஜனங்கள் 2022-ல் எவ்வளவு இழந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ரிட்டயர்மென்ட் பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டியவர்கள் அதில் எத்தனை பேர்! இன்னும் என் மனசு ஆறவில்லை.

பலர் தெரியாமல் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ஐந்து வருஷமாவது இருந்து, வயது முடிந்து ரிட்டயர் ஆகிறவர்கள் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் வைத்தியம் தொடரும். கம்பெனியை விட்டு வரும்போதே அதற்கான தாள்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

உங்களுடைய உண்மையான பயம் பணத்தைப் பற்றியது இல்லை, விழுந்து கிடப்பதைப் பற்றியது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில், "கூட வந்த அட்டெண்டர் யாரும்மா?" என்று கேட்பார்கள். நினைவு தெளிவாக இருக்கும்வரை சிகிச்சைக்கு நீங்களே கையெழுத்திடலாம். மருந்து வாங்கிவர, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். அண்ணன் மகனை மட்டும் நம்பாமல், உங்களோடு மிஷினில் உட்கார்ந்த தோழிகளில் இரண்டு பேரிடம் இன்றைக்கே வாய்விட்டுக் கேளுங்கள். "எனக்கு நீ, உனக்கு நான்" என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் தனியாக இருப்பவர் நிச்சயம் ஒருவராவது இருப்பார். நினைவு தப்பிய நிலையில் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும்.

முன்பக்க ரூமை வாடகைக்கு விடுங்கள். தனியாக வேலைக்குப் போகிற பெண்ணோ, சின்னக் குடும்பமோ இருந்தால் வாடகையும் வரும், ராத்திரி ஒரு குரலுக்கு ஆளும் இருக்கும். விடிந்து ஏழு மணியாகியும் வாசலில் கோலம் இல்லையென்றால் கதவைத் தட்டச் சொல்லி அவர்களிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள். ஒரு சாவி அவர்களிடம் இருக்கட்டும். பாத்ரூம் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வழுக்கி விழுந்தால், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவரும் கதவை உடைக்க வேண்டியிருக்கும். சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி, உட்கார்ந்து போகிற கக்கூஸ், இரண்டையும் பி.எஃப். பணத்தில் முதல் செலவாகச் செய்யுங்கள்.

பிரஷர், சுகர் மாத்திரைக்கு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள், உங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் பெயரைக் கொடுத்துவையுங்கள். முதியோர்களுக்கான உதவி எண் 14567.

முதியோர் இல்லம் என்றாலே தலைகுனிவு என்று நினைக்க வேண்டாம். நடமாட்டம் இருக்கும்போதே இரண்டு மூன்று இல்லங்களைப் போய்ப் பாருங்கள். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்று முதலில் கேளுங்கள். நடக்க முடிந்தவர்களை மட்டும் சேர்க்கிற இடங்கள் உண்டு. கட்டுகிற டெபாசிட் திரும்பி வருமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அண்ணன் மகனிடம் மறைக்காமல் பேசுங்கள். "வீட்டுக்கு உயில் எழுதறேன்ப்பா, நீங்க பாக்கறதைப் பாத்து எழுதறேன்" என்று சொன்னால் போதும். பேசும்போது அவன் மனைவியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாளைக்கு உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, துணி மாற்றிவிடப் போவது பெரும்பாலும் அந்தப் பெண்தான். "நாங்க பாத்துக்கறோம்" என்று அவன் சொன்னதில் அவளுடைய சம்மதம் இருக்கிறதா என்று யாரும் இதுவரை அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.