வீட்டு பியர்: பாட்டில் கழுவல், கிருமிநீக்கம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எல்லாப் பாட்டிலையும் ஸ்டார் சான் என்ற அமிலக் கிருமிநீக்கியில் முக்கித்தான் நிரப்பினேன். 38 பாட்டிலில் நாலு மட்டும் திறந்ததும் பொங்கிக் கொட்டுகிறது. மற்றதெல்லாம் அருமை. நுரைக்காகப் போட்ட சர்க்கரை கூடிவிட்டதா?

பதில்: சர்க்கரை கூடியிருந்தால் 38-ம் பொங்கியிருக்கும். சர்க்கரை சரியாகக் கலக்காமல் இருந்திருந்தால் சில பொங்கும், சில சப்பென்று இருக்கும். நாலு மட்டும் கெட்டு மற்றவை நன்றாக இருந்தால் கோளாறு அந்த நாலு பாட்டிலில்தான். காலியானதும் அவற்றைக் கவிழ்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடியும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் நூல் போல ஒரு பழுப்பு வளையம் தெரியும். போன முறை காய்ந்து ஒட்டிய ஈஸ்ட் அது. ஸ்டார் சான் அதன் மேல்தோலைத்தான் நனைக்கும், உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். அழுக்கின் மேல் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது.

சோடியம் பெர்கார்பனேட் வாங்குங்கள். வாசனை சேர்க்காத ஆக்ஸிஜன் சலவைத்தூளும் சரி. லிட்டருக்கு 4 அல்லது 5 கிராம், 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பிரஷ் போட்டு, சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அலசலில் சோம்பல் வேண்டாம். இது காரம், ஸ்டார் சான் அமிலம். மிச்சம் நின்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கரைசலை இறுக்கி மூடியும் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். இனிமேல் குடித்து முடித்த கையோடு மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.

கேள்வி: மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஊறவைக்கும் பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். கொதிக்கப் போகிற எதுவும் சுத்தமாக இருந்தால் போதும். அடுப்பை அணைத்த பிறகு வோர்ட்டை, அதாவது மால்ட் ஊறிய இனிப்புச் சாற்றைத் தொடுவதெல்லாம்தான் கணக்கு: ஃபெர்மென்டர் (புளிக்கவைக்கும் பாத்திரம்), மூடி, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பான்), டியூப், ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தி பார்க்கும் கருவி), ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல். முக்கிக் குளிரவைக்கும் செம்புச் சுருளைக் கடைசி 15 நிமிடம் கொதியிலேயே போட்டுவிட்டால் அதற்குத் தனி வேலை இல்லை.

கேள்வி: ஸ்டார் சான் அளவு என்ன? நுரை பயமாக இருக்கிறது. எங்கள் தண்ணீரில் பால் போலக் கலங்குகிறது.

பதில்: 20 லிட்டருக்கு 30 மில்லி. ஒரு லிட்டர் ஸ்பிரே பாட்டிலுக்கு 1.5 மில்லி, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்துகொள்ளுங்கள். கண்ணளவு வேண்டாம். அதிகம் போட்டால் அலசாமல் பயன்படுத்தலாம் என்ற உறுதி போய்விடும். ஓரிரு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும். நுரை பாட்டிலில் இருந்தபடியே பியரை நிரப்புங்கள், கெடுதல் இல்லை. குழாய்த் தண்ணீரில் அலசினால்தான் செய்த வேலை வீண்.

கலங்குவது கடின நீரால். அன்றே பயன்படுத்தினால் பரவாயில்லை. எடுத்து வைக்க வேண்டுமென்றால் வாலைவடி நீரில் கலக்குங்கள், பல வாரம் நிற்கும். சந்தேகம் வந்தால் பிஎச் தாள் போட்டுப் பாருங்கள், 3-க்கு மேல் போனால் கொட்டிவிடலாம்.

அயோடோஃபோர் என்ற அயோடின் கிருமிநீக்கியும் நல்லதே. 20 லிட்டருக்கு 15 மில்லி, இரண்டு நிமிடம். பழுப்பு நிறம் வெளிறினால் சத்து போயிற்று. பிளாஸ்டிக்கில் கறை பிடிக்கும், சுவைக்குக் கேடில்லை.

கேள்வி: ரொறன்ரோவில இருக்கிறன். போத்தலுக்குச் சாதாரண ப்ளீச் பாவிக்கலாமோ? மலிவாக் கிடைக்குது.

பதில்: பாவிக்கலாம், ஆனால் என் கடைசித் தெரிவு அது. வாசனையும் தடிப்பும் சேர்க்காத ப்ளீச், லிட்டருக்கு 4 மில்லி, குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். பிறகு கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். மிச்சக் குளோரின் பியரில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும். அது ஒரு துளி அளவுகூடத் தேவையில்லை, மருந்துப் பிளாஸ்திரி வாடை குப்பென்று அடிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். வினிகரோடோ ஸ்டார் சானோடோ ப்ளீச்சை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும், நுரையீரலுக்கு ஆபத்து.

கேள்வி: ஒரே சமையலறைதான். இட்லி மாவு புளிக்கும் மேடை பக்கத்தில் பியர் செய்யலாமா? வீட்டில் சண்டை.

பதில்: இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே மேடையில் ஒரே நேரத்தில் வேண்டாம். மாவைப் பொங்கவைக்கும் லூக்கோனோஸ்டாக்கும் அதன் கூட்டாளிகளும் உளுந்தோடு வருகிற லாக்டிக் பாக்டீரியாக்கள். பியரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு இந்த வகையைப் பெரும்பாலும் அடக்கும். கசப்பு குறைந்த கோதுமை பியரில் அந்தக் காவல் பலவீனம். வோர்ட் ஆறியதிலிருந்து ஈஸ்ட் வேலையைத் தொடங்கும் வரையுள்ள சில மணி நேரம்தான் ஆபத்து. காற்றைவிடத் தெறிப்பும் கையும்தான் எதிரி. மாவு கரைத்த கையோடு ஹைட்ரோமீட்டரைத் தொடாதீர்கள். மாவுக் கரண்டி, மாவுத் துணி எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது.

மாவைக் குறை சொல்பவர்கள் மால்ட் தூசியை மறந்துவிடுகிறார்கள். உமியிலும் லாக்டோபேசில்லஸ் ஏராளம். அரைப்பதை பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், இந்தத் தடவை எல்லாப் பாட்டிலும் புளிப்பு, கழுத்தில் வெள்ளை வளையம். பாட்டிலை அவன் அடுப்பில் (oven) வைத்துத்தான் எடுத்தேன்.

பதில்: எல்லாம் கெட்டால் பாட்டிலை விடுங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தைத் தேடுங்கள். முதல் சந்தேகம் நிரப்பும் வாளியின் டேப், அதாவது திருகு குழாய். சுடுதண்ணீரில் சில நிமிடம் போட்டு, உள்ளே சுழலும் உருளையைத் தள்ளி வெளியே எடுங்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் டேப்புகளில் கழன்று வரும். உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே விரலில் வழவழவென்று ஒட்டினால் ஆள் அகப்பட்டான். வாளியோடு சேர்த்து எத்தனை முறை கழுவினாலும் அங்கே தண்ணீர் போகாது. ஒவ்வொரு முறையும் கழற்றுங்கள், வாஷரையும்தான். அடுத்தது டியூப். உள்ளே மங்கலாகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். வாளியில் கீறல் இருந்தால் அதுவும் போகட்டும், இனி உரசும் நார் பக்கமே போகாதீர்கள்.

புளிப்பில்லாமல், வாரக்கணக்கில் நுரை ஏறிக்கொண்டே போய், பியர் தண்ணீராக மெலிந்தால் கதை வேறு. டயாஸ்டாட்டிகஸ் என்ற ஈஸ்ட் வகை மற்ற ஈஸ்ட் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துணுக்கையும் தின்னும். செய்சான் என்ற பெல்ஜிய பியருக்கான சில ஈஸ்ட்கள் இந்த வகை. செய்சான் போட்ட டியூபையும் டேப்பையும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

அவன் அடுப்பு முறையில் தவறில்லை: வாயில் அலுமினியத் தாள் சுற்றி, 170 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் கண்ணாடி விரியும்.

கேள்வி: டிஷ்வாஷர் போதுமா? மூடிகளைக் கொதிக்கவைக்கவா?

பதில்: கழுவிய பாட்டிலுக்குச் சூட்டில் உலர்த்தும் சுற்று உதவும், உள்ளே ஒட்டிய கறை அதில் போகாது. பளபளப்புத் திரவம் ஊற்றாதீர்கள், பியரில் நுரை நிற்காது. மூடியைக் கொதிக்கவைத்தால் உள்பட்டை கெடும். அடிக்குமுன் ஸ்டார் சானில் முக்கினால் போதும்.

கேள்வி: சென்னையில் செய்யலாமா?

பதில்: கூடாது. 1937 மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

கேள்வி: சில பாட்டில் பொங்கினால், அந்தப் பெட்டியில் மீதியுள்ள பாட்டில்களை என்ன செய்வது?

பதில்: கையில் எடுத்து ஆட்டாதீர்கள். பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, மூடியுள்ள பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாள் நன்றாகக் குளிரவிடுங்கள். பிறகு சிங்க்கில், ஈரத் துண்டால் மூடி, ஓப்பனரை லேசாக நெம்பி வாயுவை மெல்ல விடுங்கள். வாசம் நன்றாக இருந்தால் அன்றே குடித்துவிடலாம். புளித்தால் கொட்டிவிட்டு, பாட்டிலை அப்போதே பெர்கார்பனேட்டில் போடுங்கள்.