பேனா பிடித்த கையும் பிளையரும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் 17 ஆண்டுகளாகக் கிராணியாக இருக்கிறேன். செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகைப் பதிவேட்டை எழுதுவதும் சம்பளக் கணக்குப் பார்ப்பதும்தான் வேலை. பக்கத்துத் தோட்டத்து ஆபீசையும் எங்கள் ஆபீசையும் ஒன்றாக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. எனக்கு வயது 41. வேலையை விட்டுவிட்டு வயரிங் படிக்கலாம் என்றிருக்கிறேன். மனைவி பயப்படுகிறார். பேனா பிடித்த கை பிளையர் பிடிக்குமா என்று மச்சான் கேலி செய்கிறார். இந்த வயதில் இது சரிதானா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மச்சானின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் கைக்கும் அது நேர்ந்தது. நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரியும். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது எனக்கு நேராகப் படிப்பதைவிட எளிது. 39 வயதில் கணினியின் முன் உட்கார்த்தி வைக்கப்பட்டபோது, ‘க’ எங்கே என்று ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு 21 வயது. அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். அந்தப் பொறுமையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று மாதங்களில் விரல் பழகிவிட்டது, மனம் பழக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் வகுப்பிலும் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த பிள்ளைகள் உங்களை ‘அங்கிள்’ என்று கூப்பிடுவார்கள். அதற்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்களாக வேலையை விடுவது பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம், வேலை பறிபோனவர்களுக்குச் சில மாதங்களுக்கு உதவித்தொகையும் பயிற்சிக்கு உதவியும் தருகிறது. தானாக ராஜினாமா செய்தவர்களுக்கு அது கிடையாது. ஆபீஸ்களை ஒன்றாக்கி நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்தாலோ, தன்விருப்பப் பணிவிலகல் திட்டம் அறிவித்து அதன் வழியே நீங்கள் போனாலோ நிலைமை வேறு. பேச்சு அடிபடும் இந்த நேரத்தில் ரோஷப்பட்டு ராஜினாமாக் கடிதம் நீட்டுவது, இத்தனை நாள் சம்பளத்தில் பிடித்த சந்தாவைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். அடுத்து, உங்கள் மனைவியின் பயத்துக்கு நீங்கள் எழுதாத ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன்: தோட்டத்து வீடு. வேலை போனால் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்துக்கு வெளியே ஏதாவதொரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வாடகை வீடாவது பார்த்து வைக்காமல் இந்தப் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, மலேசியத் திறன் சான்றிதழில் நிலை நிலையாகத்தான் ஏற வேண்டும். அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டிச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு, ஆனால் அது அதே தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கானது. பதினேழு வருட செக்ரோல் அங்கே செல்லாது. சான்றிதழ் வாங்கினாலும் எரிசக்தி ஆணையமான சுருஹஞ்சாயா தெனாகாவின் வயர்மேன் தகுதிச் சான்று கைக்கு வரும்வரை, அது உள்ள ஒருவரின் பொறுப்பில்தான் வேலை செய்ய முடியும்.

ஆனாலும் செக்ரோல் எழுதிய கை வீண் போகாது. ஒருவர் பெயருக்கு நேரே ஒரு நாள் விடுபட்டால் அந்த வீட்டில் எத்தனை வெள்ளி குறையும் என்று தெரிந்து எழுதியவர் நீங்கள். மெயின் சுவிட்சை அடைத்தோமா என்று இரண்டாம் முறை பார்க்கும் பழக்கம் அப்படிப்பட்டவருக்குத்தான் சீக்கிரம் வரும்.

நம் பக்கத்தில் இதெல்லாம் புதிதுமில்லை. 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் வணிகத்துக்காகச் செம்பனை நட்டார்கள். பிறகு ஒவ்வொரு தோட்டமாகப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லியதாகச் சீவத் தெரிந்த என் அம்மாவைப் போன்ற பெண்கள் ஒரே வருடத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர்களானார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. நீங்களாவது தேர்ந்தெடுக்கிறீர்கள்.

படிப்பில் சேருமுன் ஒன்று செய்து பாருங்கள். எனக்குத் தெரிந்த வயர்மேன் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உடனிருந்து எடுத்துக்கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. சொல்லி வைக்கிறேன். காலை ஏழு மணிக்கே பசியாறிவிட்டுப் பழைய சட்டையில் வாருங்கள். முதல் நாளே உத்தரத்தின் மேல் ஏறச் சொல்வார்.