பழைய சின்தசைசரை நகலெடுத்து விற்பது திருட்டா?

இசைக் கருவிகள் தயாரிக்கும் பெஹ்ரிங்கர் நிறுவனம், மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் பழைய சின்தசைசரான மினிமூக்கை நகலெடுத்து விற்பது திருட்டுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மினிமூக் 1970-இல் வந்தது. அதன் உயிர்நாடி, ஒலியின் கூர்மையான பகுதிகளை வடிகட்டும் லேடர் ஃபில்டர் என்ற மின்சுற்று. அதற்கு அதை உருவாக்கிய ராபர்ட் மூக் 1969-இல் பெற்ற காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குமிழைத் திருகத் திருக அந்தத் தடித்த பேஸ் ஒலி மெல்ல மங்கி அடங்குமே, அது சில நூறு டாலருக்கு ஒரு மாணவர் கைக்கு வருவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் பெஹ்ரிங்கரின் ஸ்விங் கீபோர்டு வேறு கதை. ஆர்ட்டூரியா என்ற இன்னொரு நிறுவனத்தின் கீஸ்டெப் கீபோர்டு கடைகளில் விற்றுக்கொண்டிருக்கும்போதே, 32 சின்னக் கட்டைகள், பொத்தான்கள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துவிட்டார்கள். சட்டம் என்ன சொன்னாலும் சரி, அந்த வடிவமைப்புக்கு உழைத்தவர்களின் இன்றைய பிழைப்பில் கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.