சிந்தசைசரில் மிருதங்கம் வருமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், லேப்டாப்பில் டெக்ஸெட் என்கிற சிந்தசைசர் மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன். டிரம் மாதிரி எதைச் செய்யப் போனாலும் ஒன்று கோயில் மணி ஆகிவிடுகிறது, இல்லையென்றால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம் வருகிறது. மிருதங்க அடி மாதிரி ஒன்றை எஃப்எம் முறையில் (ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் ஆட்டி ஒலி செய்யும் முறை) கொண்டுவர முடியுமா? சாம்பிள் (பதிவுசெய்த ஒலி) வேண்டாம், நானே செய்ய வேண்டும். (கும்பகோணம் வாசகர்)

பதில்: முடியும். கச்சேரி கேட்டுப் பழகிய காது அதை அசல் மிருதங்கம் என்று ஏமாறாது, ஆனால் வாசிக்கத் தகுந்த ஒரு தோல்கருவி கிடைக்கும்.

உங்களுக்கு மணி வந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எஃப்எம்மில் கேரியர் என்கிற அலையை மாடுலேட்டர் என்கிற இன்னொரு அலை ஆட்டுகிறது. இரண்டின் அதிர்வெண்களும் 1:1, 1:2 என்று எளிய விகிதத்தில் இல்லாவிட்டால் உலோக வாடை வந்துவிடும். இந்த முறையை 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்த ஜான் சௌனிங், 1973இல் வெளியிட்ட கட்டுரையிலேயே மணிக்கும் மர டிரம்முக்கும் செய்முறை கொடுத்திருக்கிறார். மணிக்கு கேரியர் 200 ஹெர்ட்ஸ், மாடுலேட்டர் 280, நீளம் 15 விநாடி. டிரம்முக்கு 80, 55, நீளம் 0.2 விநாடி. பாருங்கள், இரண்டிலுமே விகிதம் கோணல்தான், பெரிய வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. நம்மில் பலர் அலையின் வடிவத்தையும் விகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம், என்வலப்பை, அதாவது ஒலி எவ்வளவு நேரத்தில் எழுந்து அடங்குகிறது என்ற அமைப்பை, தொடவே மாட்டோம்.

சரி, மிருதங்கத்துக்கு வருவோம். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று போகும், அதனால்தான் அதில் சுருதி தெளிவாக நிற்பதில்லை. வலப்பக்கத் தோலான வலந்தலையில் இருக்கும் கறுப்புச் சோறு தோலின் எடையைப் பரப்பும் விதத்தால் அந்த அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்பதற்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. சி. வி. ராமன் இதைப் பற்றி 1920இலேயே நேச்சர் இதழில் எழுதினார். ஆக, உங்கள் பேட்சில் (ஒலி அமைப்பில்) நீண்டு ஒலிக்கும் பகுதிக்கு முழு எண் விகிதம் வேண்டும், விரல் படுகிற அந்தக் கணத்துக்கு மட்டும் கோணல் விகிதம் வேண்டும். மணி, அட்டைப்பெட்டி இரண்டுமே இந்த இரண்டையும் ஒரே ஜோடி ஆபரேட்டரிடம் (அலையை உண்டாக்கும் அலகு) கேட்பதால் வருகிற வினை.

டெக்ஸெட், யமஹா 1983இல் கொண்டுவந்த டிஎக்ஸ்7 கீபோர்டின் நகல் என்பதால் ஆறு ஆபரேட்டர்களும் 32 அல்காரிதங்களும் (ஆபரேட்டர்களை இணைக்கும் விதங்கள்) அப்படியே இருக்கும். 5ஆம் அல்காரிதத்தை எடுங்கள், மூன்று தனித்தனி ஜோடி கிடைக்கும். முதல் ஜோடி நாதத்துக்கு: கேரியர் 1, மாடுலேட்டர் 2, கேரியர் அரை விநாடியில் அடங்கட்டும், மாடுலேட்டர் அதற்கு வெகு முன்னாலேயே, பத்தில் ஒரு விநாடிக்குள், அடங்கிவிடட்டும், அப்போதுதான் அடி பளிச்சென்று தொடங்கி மெத்தென்று முடியும். இரண்டாவது ஜோடி தோலின் அறைக்கு: 1, 0.69 என்று சௌனிங்கின் டிரம் விகிதத்தையே வையுங்கள், இருபது முப்பது மில்லிவிநாடிக்கு மேல் நீளக் கூடாது. மூன்றாவதில் 6ஆம் ஆபரேட்டருக்கு ஃபீட்பேக் (தன் அலையாலேயே தன்னை ஆட்டிக்கொள்வது) உண்டு, அதை 7 வரை ஏற்றினால் கிட்டத்தட்ட இரைச்சலாகிவிடும்; அதை இன்னும் குட்டையாக வெட்டி, நகம் படுகிற சத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம், டிஎக்ஸ்7இல் என்வலப்பின் ரேட் எண் பெரிதானால் வேகம் கூடும், நேரம் குறையும். மற்ற சிந்தசைசர்களில் டிகே (ஒலி அடங்கும் நேரம்) குமிழைத் திருப்பிப் பழகியவர்கள் எல்லோரும் இங்கே குழம்புவார்கள்.

அப்புறம் வெலாசிட்டி, அதாவது கீயை எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்பது. அதைக் கேரியரோடு மட்டும் இணைத்தால் ஓங்கி அடித்தால் சத்தம் கூடும், அவ்வளவுதான். மாடுலேட்டரோடு இணையுங்கள், அடியின் குணமே மாறும். எனக்குக் கேட்டால் மேலே சொன்ன எண்களைவிட இதுதான் முக்கியம். தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கிக்கு, அதாவது ஒலி வளைந்து மேலேறும் அடிக்கு, தனி பேட்ச் போட்டு, பிட்ச் (சுருதி) என்வலப்பை மெல்ல மேலே ஏற்றுங்கள், கீழே இறக்கினால் அது டிஸ்கோ கிக் ஆகிவிடும்.

கேள்வி: ஒலி நன்றாகத்தான் வருகிறது, ஆனால் 16 ஸ்டெப் லூப்பில் (16 கட்டங்கள் திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) போட்டால் நாலாவது சுற்றிலேயே சலித்துவிடுகிறது. சிக்கலான தாளக்கட்டு வேண்டுமென்றால் இன்னும் நிறைய டிரம் ஒலிகள் சேர்க்க வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வேண்டாம், இருக்கிற ஒரே ஒலியை நகர்த்துங்கள். அடிகள் 16 ஸ்டெப்பிலேயே ஓடட்டும். மாடுலேட்டர் அளவை மாற்ற ஐந்து ஸ்டெப் கொண்ட இன்னொரு சீக்வென்ஸ் (மதிப்புகளின் வரிசை) போடுங்கள், அடி விழும் இடம் மாறாது, ஆனால் எந்த அடி பளிச்சென்று கேட்கும் என்பது ஒவ்வொரு சுற்றிலும் தள்ளிப்போகும். இரண்டும் சமத்தில் (சுற்றின் முதல் அடியில்) மறுபடி சேர ஐந்து சுற்று ஆகும். இதோடு டிகே நீளத்துக்கு ஏழு ஸ்டெப் சீக்வென்ஸ் ஒன்றையும் சேர்த்தால் மூன்றும் சேர 35 சுற்று. 120 டெம்போவில் ஒரு சுற்று இரண்டு விநாடி என்றால் 70 விநாடிக்கு ஒரே மாதிரி எதுவும் திரும்ப வராது. கண்டமும் (ஐந்து) மிஸ்ரமும் (ஏழு) தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

ஆனால் இப்படி விட்டுவிட்டால் கணினி தானாக ஓடுகிற சத்தமாகத்தான் இருக்கும். கோர்வை (முத்தாய்ப்பாக வரும் அடிக்கோவை) இனிப்பது அது சமத்தில் வந்து விழுவதால். எனவே எட்டு சுற்றுக்கு ஒருமுறை எல்லா சீக்வென்ஸும் முதல் ஸ்டெப்புக்குத் திரும்பும்படி ரீசெட் வையுங்கள், அதற்கு முந்தைய சுற்றில் மட்டும் அடிகளை 3, 3, 3, 3, 4 என்று பிரித்துப் போடுங்கள். கூட்டினால் 16 வரும், கேட்பவருக்கோ தாளம் வழுக்கிப் போய்ப் பிடித்துக்கொண்டது போல இருக்கும். எல்லா இடத்திலும் இதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: ஜால்ரா சத்தம் வேண்டும். மேல் ஸ்தாயியில் எஃப்எம் போட்டால் கரகரவென்று ஏதோ கூடவே வருகிறது. லேப்டாப் பழுதா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பழுதில்லை. விநாடிக்கு 44,100 முறை அலையை அளந்து எழுதும் சாம்பிள் ரேட்டில், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே போகிற அதிர்வுகள் மடங்கிக் கீழே விழும், 25,000இல் வர வேண்டியது 19,100இல் கேட்கும். மாடுலேட்டர் அளவைக் குறையுங்கள், அல்லது பிளக்கினில் (டெக்ஸெட் போன்ற மென்பொருளில்) ஓவர்சாம்பிளிங் (உள்ளே இன்னும் அதிக சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவது) இருந்தால் போடுங்கள். ஜால்ராவுக்கு 1:1.4 விகிதத்தில் இரண்டு ஜோடி எடுத்து, ஒன்றை மற்றதிலிருந்து சில ஹெர்ட்ஸ் தள்ளி வைத்தால் அந்த அலைகிற நாதம் வந்துவிடும். கரகரப்பு பிடித்திருந்தால் இருக்கட்டும், டிரம் ஒலிகளில் அது பல சமயம் நல்லதுதான்.